மேனேஜர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு

கேள்வி: எனக்கு வயது 41. ஊர் குடியாத்தம் பக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் பெரும்பாலும் பெண்கள். போன மாதம் ரிஜெக்ட் அதிகமானதால் ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். மெஷின் சரியில்லை என்று இரண்டு நாளாக அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பிறகு எச்.ஆர். எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். 'வாழ்க்கை வெற்றிக்கு 80 சதவீதம் எமோஷனல் இன்டெலிஜென்ஸ்தான் காரணம்' என்றார் பயிற்சியாளர். கேள்வித்தாள் கொடுத்து மார்க்கும் போட்டார்கள். எனக்கு 100-க்கு 43. என்னைவிட மோசமாகக் கத்தும் இன்னொரு சூப்பர்வைசருக்கு 86! எங்கள் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாலே அன்றைக்கு எனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த டென்ஷனோடு கத்தாமல் லைனை எப்படி ஓட்டுவது? என் அப்பா வேலை செய்த தோல் ஷாப்பில் மேஸ்திரி கத்தித்தான் வேலை வாங்குவார். மெதுவாகப் பேசினால் தலைமேல் ஏறிவிடுவார்கள். வீட்டில் எனக்கு மரியாதை உண்டு. வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதுமே டிவி நின்றுவிடும். ஆனால் ஒன்பதாவது படிக்கும் மகள் என்னிடம் பேசுவதே இல்லை. 'மனசுல இருக்கறதக் கொட்டிடு, சரியாயிடும்' என்கிறார் மனைவி. இது பிறவிக் குணமா, இந்த வயதில் மாற்ற முடியுமா? அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்கலாமா?

பதில்: அந்த 43-ஐ முதலில் கிழித்துப் போடுங்கள். 'மற்றவர்களின் உணர்வை நான் எளிதில் புரிந்துகொள்கிறேன்: எப்போதும், சில நேரம், இல்லவே இல்லை' என்கிற மாதிரிக் கேள்விகள்தானே கேட்டிருப்பார்கள்? எதிரில் இருப்பவர் முகம் வாடுவதைக் கவனிக்காத ஆளுக்கு, தான் கவனிக்கவில்லை என்பதும் தெரியாது. கூச்சமே இல்லாமல் 'எப்போதும்' என்று டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். உங்கள் நண்பரின் 86 அப்படி வந்ததாகத்தான் இருக்கும். நீங்கள் கொஞ்சம் யோசித்து உண்மையை எழுதியிருப்பீர்கள், மார்க் குறைந்திருக்கும். ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுப்பதை வைத்து இதை அளப்பது சரிவராது என்று இந்தத் துறையில் பலர் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். 1990-ல் எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்த அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் பின்னால் டேவிட் கருசோவுடன் சேர்ந்து வேறு மாதிரி ஒரு தேர்வை உருவாக்கினார்கள். முகங்களையும் சூழ்நிலைகளையும் காட்டி, கணக்குப் பரீட்சை போல விடை கேட்கும் தேர்வு அது. 'சரியான விடையை யார் முடிவு செய்வது' என்று அதன்மேலும் விமர்சனம் உண்டு. ஆனாலும் கம்பெனி மீட்டிங் ஹாலில் பத்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுக்கும் தாளைவிட எவ்வளவோ மேல்.

அந்த 80 சதவீதத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த விஷயத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து அலுவலகங்களுக்குக் கொண்டுபோனது 1995-ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம். வாழ்க்கையில் ஒருவர் எங்கே போய்ச் சேர்கிறார் என்பதில் ஐ.க்யூ.வின் பங்கு சுமார் 20 சதவீதம், மிச்சம் 80 மற்ற காரணங்கள் என்று அதில் சொல்லியிருந்தார். எந்தக் குடும்பத்தில் பிறந்தோம், கையில் காசு இருந்ததா, அதிர்ஷ்டம் அடித்ததா எல்லாமே அந்த மற்ற காரணங்களில் அடக்கம். சிலர் 80-ஐ அப்படியே தூக்கி உணர்வு நுண்ணறிவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். தான் அப்படிச் சொல்லவில்லை என்று கோல்மனே விளக்கம் கொடுத்தும், பயிற்சி வகுப்புகளின் பவர்பாயின்ட்டை விட்டு அது இன்னும் இறங்கவில்லை.

சலோவேயும் மேயரும் சொன்னது இவ்வளவு ஆர்ப்பாட்டமானது இல்லை. தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் கவனிப்பது, அதை யோசனைக்குத் துணையாக வைத்துக்கொள்வது, அது எதனால் வந்தது, விட்டால் எங்கே போய் முடியும் என்று புரிந்துகொள்வது, கடைசியாக அதைக் கையாள்வது. இந்த நாலும் திறமைகள். இதில் யாருக்கும் நல்லவர், கெட்டவர் பட்டம் கிடையாது. கம்பெனிப் பயிற்சிகள் முதல் மூன்றையும் தாண்டிக் குதித்து நேராக நாலாவதற்குப் போய்விடும்: 'கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள், சிரித்த முகமாக இருங்கள்.' எதற்குக் கோபம் என்றே தெரியாதபோது எதைக் கட்டுப்படுத்துவது?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்தது அந்தக் கண்ணாடி வரியைத்தான். ஒருவர் கண்ணாடியைக் கழற்றும் விதத்திலிருந்து அவர் மனநிலை, அதற்குக் காரணம், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்பதுவரை கணித்துவிடுகிறீர்கள். அதற்கேற்ப உங்கள் பேச்சையும் மாற்றிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். மேலே சொன்ன நாலு திறமையும் இதில் இருக்கிறது. ஆகவே 'எனக்கு இது பிறவியிலேயே இல்லையோ' என்ற சந்தேகம் வேண்டாம். உங்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது முழுக்க மேல்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. உங்களுக்குச் சம்பள உயர்வு போடும் முகத்தை வரி வரியாகப் படிக்கிறீர்கள். உங்கள் லைனில் குனிந்து தைக்கும் முகங்களைப் படிப்பதில்லை. படிக்காவிட்டால் உங்களுக்கு நஷ்டம் என்று இதுவரை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். ஷூவுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரின் (buyer) ஆள் வந்து லைனில் நின்ற நாட்களில் நீங்கள் கத்தியிருக்கிறீர்களா? இருக்காது. அன்றைக்கும் நூல் அறுந்திருக்கும், தையல் விட்டிருக்கும், மணிக்கு மணி கணக்கு எழுதும் ஹவர்லி போர்டில் எண்ணிக்கை இறங்கியிருக்கும். ஆனாலும் குரல் எழும்பியிருக்காது. 'கோபம் வந்தால் எனக்குக் கண்ணு மண்ணு தெரியாது' என்று நிறையப் பேர் என்னிடம் சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால், யார் எதிரில் தெரியாது, யார் எதிரில் தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதற்காக, பையர் முன்னால் அடக்கிக்கொண்ட மாதிரியே தினமும் அடக்குங்கள் என்று சொல்ல வரவில்லை. அடக்குவது ஒன்று, விஷயத்தை வேறு விதமாகப் பார்ப்பது இன்னொன்று. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இந்த இரண்டையும் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். முகத்தில் காட்டாமல் அடக்குகிறவருக்கு வெளியே அமைதி தெரியும். உடம்புக்குள் பரபரப்பு குறையாது. அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் சொன்னது நினைவில் தங்குவதும் குறையும். அந்தப் பரபரப்பு வேறு எங்கேயாவது போய் இறங்கவும் கூடும். பையர் போன அன்று சாயங்காலம் உங்கள் வீடு எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த மெஷின் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் மையமாகத் தெரிகிறது. மெஷின் சரியில்லை என்று அந்தப் பெண் இரண்டு நாள் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொல்லியிருப்பார்? உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பாதிக் குரலில், 'சார், மெஷின் கொஞ்சம்...' என்று ஆரம்பித்திருப்பார். நீங்கள் 'பாத்துக்கலாம், ஓட்டு' என்று போர்டைப் பார்த்தபடி நகர்ந்திருப்பீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிட வேலை. உங்களுக்கு வந்து சேரவேண்டிய ஒரு தகவல், உங்கள் முகத்தைப் பார்த்துப் பாதி வழியிலேயே நின்றுபோனது. அதன் விலை ஒரு கூடை ரிஜெக்ட், கூடவே கை தேர்ந்த ஓர் ஆள்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990-களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அங்கே நர்ஸ்கள் தவறை வெளியே சொன்னார்கள். தலைமை கடுமையாக இருந்த வார்டுகளில் மறைத்தார்கள். வீட்டுக்கு ஒருவராவது ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் வேலூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதே இல்லை. உங்கள் லைனிலும் கத்திய மறுநாள் ரிஜெக்ட் குறைந்த மாதிரி தெரியும். அது குறைந்ததா, இல்லை அடுத்த லைனுக்கோ பெட்டிக்குள்ளோ நகர்ந்துவிட்டதா என்று ஃபினிஷிங் பிரிவில் கேளுங்கள்.

சரி, நாளைக் காலையில் என்ன செய்வது? போர்டில் எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்ததும் உங்களுக்குள் ஒன்று ஏறுகிறது இல்லையா, அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பயமாக இருக்கும் என்பது என் ஊகம். மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்கிற பயம், போன வாரம் மற்ற சூப்பர்வைசர்கள் முன்னால் வாங்கிய பேச்சின் அவமானம், ஷிப்மென்ட் தேதி பற்றிய பதற்றம். பயந்தவர் செய்யவேண்டிய வேலை வேறு, கோபப்பட்டவர் செய்யும் வேலை வேறு. பயந்தவர் மெக்கானிக்கைக் கூப்பிடலாம், ஒரு ஹெல்ப்பரை மாற்றிப் போடலாம், 'இந்த மணி நேரம் இருபது ஜோடி குறையும்' என்று மேனேஜருக்கு முன்கூட்டியே சொல்லலாம். கோபப்பட்டவருக்குத் திட்ட ஓர் ஆள் மட்டும்தான் வேண்டும்.

ஆகவே போர்டிலிருந்து மெஷினுக்கு நடக்கும் அந்தச் சில அடிகளுக்குள், உள்ளே ஓடுவது என்ன என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பாருங்கள். 'பயமா இருக்கு', 'அவமானமா இருக்கு' என்று அவ்வளவு வெளிப்படையாக. சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றும். ஆனால் 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கோபமான, பயந்த முகங்களைப் பார்க்கிறவர்கள் அந்த உணர்வுக்குப் பெயர் சொன்ன நேரத்தில், அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் வேலை தணிந்திருந்தது. பெயர் சொன்னபின் மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். இதயத் துடிப்பு இறங்குவது மூச்சு வெளியேறும்போதுதான். அதற்கு ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம், நடந்துகொண்டே செய்யலாம்.

மெஷின் அருகே போனதும் முதல் வாக்கியம் ஆளைப் பற்றி இல்லாமல் மெஷினையோ தையலையோ பற்றிய கேள்வியாக இருக்கட்டும். 'இன்னாமா, தூங்கினு இருக்கியா?' என்பதும் கேள்விதான். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. 'மெஷின் எப்படி ஓடுது? எந்த இடத்துல தையல் விடுது?' என்று கேட்டால் பதில் வரும். முதுகுக்குப் பின்னால் வந்து நிற்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து நீங்களாக ஒரு முடிவுக்கு வருவதும் வேண்டாம். பயிற்சி வகுப்பில் படங்கள் காட்டி 'இது சோகம், இது எரிச்சல்' என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நிஜ முகங்கள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. தலை குனிந்திருப்பது திமிராகவும் இருக்கலாம், கழுத்து வலியாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். முதல் சில நாட்கள் 'ஒண்ணுமில்ல சார்' என்றுதான் பதில் வரும். நீங்கள் நிஜமாகத்தான் கேட்கிறீர்களா என்று சோதிப்பார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

கொட்டிவிடச் சொல்லும் மனைவியின் யோசனையில் பாதி சரி. நடந்ததை ஒருவரிடம் நிதானமாகச் சொல்வது நல்லது. ஆனால் கத்தித் தீர்ப்பதால் கோபம் தீர்வதில்லை. பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப் பையைக் குத்தியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபம் மிஞ்சியது. கத்தக் கத்தக் கத்துவதில்தான் பழக்கம் வரும்.

'மெதுவாகப் பேசினால் தலைமேல் ஏறிவிடுவார்கள்' என்பதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். சிலர் ஏறத்தான் பார்ப்பார்கள். கண்டிப்பு வேண்டும். நேரத்துக்கு வராதவரிடம் வரவில்லை என்று சொல்லுங்கள், தப்பான பீஸைத் திருப்பிக் கொடுங்கள், ஒரே தப்பு மூன்றாம் முறை வந்தால் எழுதி வாங்குங்கள். இதில் எதற்கும் சத்தம் தேவையில்லை. உங்கள் அப்பா காலத்து மேஸ்திரி கத்தியதை நினைவில் வைத்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது திட்டு வாங்கிய ஆளுக்கு வேறு ஷாப் கிடைப்பது கஷ்டம். இன்றைக்கு ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் கை தேர்ந்த தையல்காரிக்கு அடுத்த கம்பெனி பஸ் அதே ஸ்டாப்பில் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், உங்கள் எச்.ஆர். ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எட்டு மணி நேரத்தில் முடியாத டார்கெட்டை மேலிருந்து கொடுத்துவிட்டு, சூப்பர்வைசருக்கு உணர்வு நுண்ணறிவு இல்லை என்று சான்றிதழ் கொடுப்பது நியாயமில்லை. மேனேஜர் உங்கள்மேல் கொட்டுவதை நீங்கள் லைன்மேல் கொட்டுகிறீர்கள். பயிற்சி மட்டும் உங்களுக்கு. எந்த மாடலுக்கு எந்த டார்கெட் நடக்கவில்லை, மெஷின் எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். மேனேஜரை இவ்வளவு நன்றாகப் படிக்கத் தெரிந்தவர், அவர் கண்ணாடி மூக்கின்மேல் இருக்கும் ஒரு நாளாகப் பார்த்து அந்த நோட்டைக் காட்டலாம். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது ஷெட்டுக்குள் மதியம் இரண்டு மணிக்கு யாருக்கும் பொறுமை இருக்காது என்பதையும், கூடுதல் ஃபேன் போடுவது பயிற்சி வகுப்பைவிடச் செலவு குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மன்னிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்கவேண்டியதுதான், ஆனால் போனில் வேண்டாம். பழைய சூப்பர்வைசர் பெயர் ராத்திரி எட்டு மணிக்கு அவர் போனில் வந்தால், வீட்டில் 'யாரு, எதுக்கு?' என்ற கேள்வி அவருக்குத்தான் வரும். உங்கள் மனப்பாரத்தை இறக்கப்போய் அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள். அவரோடு பழகிய மூத்த பெண் ஒருவர் லைனில் இருப்பார். அவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். 'அன்னைக்கு மெஷின்தான் தப்பு, நீ சொன்னது சரி, நான் கேக்காம கத்தினது தப்புன்னு சார் சொன்னார்' என்ற அளவுக்குப் போதும். டென்ஷன், ஷிப்மென்ட் என்று காரணங்களை அடுக்க வேண்டாம். திரும்பி வரச்சொல்லிக் கேட்கவும் வேண்டாம். கேட்டால் மன்னிப்பு ஆள் பிடிக்கும் வேலையாகிவிடும். திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால், அதே விஷயத்தை ஒரு நாள் காலை மெஷின் ஓடுவதற்கு முன் லைன் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் உங்களுக்குக் காது சூடாகும், பரவாயில்லை.

மகள் விஷயம். நீங்கள் மரியாதை என்று எழுதியிருக்கும் அந்த ஸ்டாண்டு சத்தத்தை நான் அப்படிப் படிக்கவில்லை. மேனேஜரின் கண்ணாடியை நீங்கள் எப்படிக் கவனிக்கிறீர்களோ, அப்படியே உங்கள் வண்டிச் சத்தத்தை அவள் கவனிக்கிறாள். ஸ்டாண்டைப் போட்ட விதத்திலிருந்து அன்றைய நிலவரம் அவளுக்குத் தெரிந்துவிடும். உங்கள் குடும்பத்தில் அடுத்தவர் மனதைப் படிப்பதில் அவள்தான் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும். உங்கள் மேனேஜரிடம் மனம்விட்டுப் பேசவேண்டும் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா?

வீட்டுக்குள் போனதும் முதல் கால் மணி நேரம் மார்க், டெஸ்ட், போன், டிவி எதைப் பற்றியும் கேள்வி வேண்டாம். முகம் கழுவுங்கள், காப்பி குடியுங்கள். 'இன்னைக்கு கம்பெனில எனக்கு நேரம் சரியில்ல, கடுப்பா வந்திருக்கேன், உங்க மேல இல்ல' என்று நீங்களே சொல்லிவிட்டால், அவள் சத்தத்தை வைத்துக் கணிக்கவேண்டிய வேலை மிச்சம். அவள் எதையாவது சொல்லும் நாள் வரும்போது உடனே தீர்வு சொல்லாதீர்கள். தோழி பேசவில்லை என்று சொன்னால் 'அவ போனா போறா, நீ படி' என்பதுதான் நமக்கு முதலில் வாயில் வரும். 'கஷ்டமா இருந்துச்சா?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். 'போங்கப்பா' என்று அவள் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். பதினான்கு வயதில் அது சகஜம். பின்னாலேயே போய் 'உனக்காகத்தானே கேட்டேன்' என்று ஆரம்பித்தால்தான் கெடும்.

41 வயதில் மாறுமா என்றால், மாறும். கோபம் சுலபமாக வரும் சுபாவம் கொஞ்சம் பிறவியோடு வருவதுதான், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வந்த கோபத்தை என்ன செய்கிறோம் என்பது பழக்கம். சீக்கிரம் மாறாது. ஷிப்மென்ட் வாரத்தில் நிச்சயம் ஒருமுறை பழையபடி கத்துவீர்கள். அன்றைக்கே போய் 'கத்தியிருக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் ராத்திரியில் தூக்கம் பிடிக்காமல் போவது, கை நீட்டிவிடுவது, கோபத்தை ஆற்றக் குடிக்கவேண்டி வருவது, இரண்டு வாரத்துக்குமேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது என்று ஏதாவது இருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் போய்விடுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. பாகாயம் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நீங்கள் தூக்கத்தை இழக்கவேண்டாம். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போகும்போது பிரஷரும் சுகரும் பார்த்துவிடுங்கள். விடியற்காலையில் எழுந்து, காலையில் சாப்பிடாமல் ஷிஃப்டுக்கு ஓடுகிற ஆளாக இருந்தால், இரண்டு இட்லியாவது வாயில் போட்டுக்கொண்டு லைனுக்குப் போங்கள்.